ஜூலை 1, 1916: ஒரு சின்ன நாடு தன்னை அடையாளம் கண்ட நாள், அதற்குக் கொடுத்த விலை

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். நம்மில் பலருக்கு அந்தத் தீவின் பெயர் அப்படித்தான் அறிமுகம். அன்று அது கனடாவின் ஒரு மாகாணம். ஆனால் அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்புவரை அது கனடா இல்லை. தனி நாணயம், தனி அஞ்சல்தலை எல்லாம் வைத்திருந்த நாடு அது. 1934 வரை அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமும் பிரதமரும்கூட இருந்தார்கள்.

முதல் உலகப்போர் இளம் குடியேற்ற நாடுகளுக்கு என்ன செய்தது என்று பேசும்போது ஆஸ்திரேலியாவும் அதன் படை போரிட்ட துருக்கியின் கலிப்போலியும் உடனே வந்துவிடும். கனடாவும் அதன் படை பிரான்ஸில் வென்ற விமி மேடும் அடுத்து வரும். போர்க்களத்தில் ரத்தம் சிந்தி, பேரரசின் பிள்ளையாகப் போனவன் தனி மனிதனாகத் திரும்பினான் என்ற கதை அது. நியூஃபவுண்ட்லாந்தின் கதை அதே இடத்தில் தொடங்கி, நேர் எதிர்த் திசையில் முடிகிறது. போர் அந்த மக்களுக்கு 'நாம்' என்ற உணர்வை ஆழமாகக் கொடுத்தது. அதே போர் மூட்டிவிட்ட கடனும் சேர்ந்து அவர்களுடைய அரசைத் தின்றது. அதனால்தான் இதைத் தனியாக எடுத்து ஆராய வேண்டும் என்று தோன்றியது.

போருக்கு முந்தைய தீவு

1914-இல், அதன் ஆட்சியில் இருந்த பெருநிலப் பகுதியான லாப்ரடாரையும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. தலைநகர் செயின்ட் ஜான்ஸ். மற்றவர்கள் நீண்ட கடற்கரை முழுக்கச் சிதறிக் கிடந்த மீனவக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். காட் மீனைப் பிடித்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்திக் கருவாடாக்கி விற்பதுதான் பிழைப்பு. வலை, மாவு, தேநீர் என்று எல்லாவற்றையும் வணிகர் பருவத் தொடக்கத்தில் கடனாகக் கொடுப்பார். பருவ முடிவில் மீனை எடுத்துக்கொண்டு கணக்கில் கழிப்பார். பல குடும்பங்கள் பணத்தைக் கையால் தொட்டதே இல்லை. இந்தப் பிடியை உடைக்கத்தான் வில்லியம் கோக்கர் 1908-இல் மீனவர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

மதமும் மக்களைப் பிரித்து வைத்திருந்தது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், மெதடிஸ்ட் என்று ஒவ்வொரு திருச்சபைக்கும் தனிப் பள்ளிகள். இளைஞர் அணிவகுப்புப் படைகள்கூடத் தனித்தனி. அப்புறம் 1914 வசந்தத்தில் சீல் வேட்டைக்குப் போன ஒரு கப்பலின் ஆட்கள் பனித்தளத்தில் இரண்டு இரவுகள் கைவிடப்பட்டு 78 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் இன்னொரு கப்பல் அத்தனை ஆட்களோடும் காணாமல் போனது. சில நாட்களுக்குள் 250 பேர் அளவுக்குச் சாவு. ஆகஸ்டில் போர் அறிவிப்பு வந்தபோது தீவு அந்தத் துக்கத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

1870-இல் பிரிட்டிஷ் காவற்படை வெளியேறிய பிறகு அங்கே ராணுவம் என்று எதுவும் கிடையாது. மீனவர்களைக் கொண்ட ஒரு கடற்படை ரிசர்வ் மட்டும் இருந்தது. அப்படிப்பட்ட நாடு, போர் தொடங்கிய சில வாரங்களிலேயே 500 பேரைத் திரட்டி அனுப்புவதாகச் சொன்னது. ஆள் சேர்ப்பு, சீருடை, பயிற்சி எல்லாவற்றையும் அரசு இயந்திரத்துக்கு வெளியே, ஆளுநர் டேவிட்சன் தலைமையில் அமைந்த தேசபக்தர் சங்கம் பார்த்துக்கொண்டது. காக்கித் துணி கிடைக்காததால் முழங்காலுக்குக் கீழே சுற்றும் பட்டியை நீலத் துணியில் தைத்தார்கள். அதனாலேயே அந்த முதல் அணிக்கு 'நீலப் பட்டியினர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 1914 அக்டோபர் 4-ஆம் தேதி ஃப்ளோரிசல் என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

யார் போனார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் அணியில் பெரும்பாலோர் செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பையன்கள், திருச்சபைப் படைகளில் அணிவகுத்துப் பழகியவர்கள். அதிகாரிகள் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். தொலைதூரக் கடற்கரை மீனவர்களில் பலர் தரைப்படைக்கு வராமல் கடற்படை ரிசர்வுக்குப் போனார்கள். கடல் அவர்களுக்குத் தெரிந்த இடம். 'ஒட்டுமொத்தத் தீவும் ஒரே மனதாக எழுந்தது' என்று பிற்பாடு சொல்லப்பட்டது முழு உண்மை அல்ல. ஆனால் கத்தோலிக்கப் பையனும் மெதடிஸ்ட் பையனும் ஒரே கூடாரத்தில் படுத்தது அந்த ரெஜிமென்ட்டில்தான். ஊரில் அதற்கு இடமே இருந்ததில்லை. லாப்ரடாரின் இனுவிட் வேட்டைக்காரர் ஜான் ஷிவாக் அதில் சேர்ந்து, குறிபார்த்துச் சுடுவதில் பெயர் எடுத்தார். 1917 நவம்பரில் பிரான்ஸில் இறந்தார்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் முதலில் கனடியர்களோடுதான் முகாம். அவர்களோடு கரைந்துவிடக் கூடாது, தனி ரெஜிமென்ட்டாகவே இருக்க வேண்டும் என்பதில் அதிகாரிகள் உறுதியாக இருந்தார்கள். இந்த உறுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பேரரசுக்காகப் போகிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம், எந்தப் பெயரில் போகிறோம் என்பதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விசுவாசமும் தன்னடையாளமும் அன்று அவர்களுக்கு முரண்பட்ட விஷயங்களாகத் தெரியவில்லை.

1915 செப்டம்பரில் கலிப்போலியின் சூவ்லா விரிகுடாவில் இறங்கினார்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே போரிட்ட ஒரே காலாட்படை அதுதான். நவம்பர் இறுதியில் பெரும் புயல் அடித்து, பதுங்கு குழிகளில் வெள்ளம் புகுந்து, உடனே உறைபனி இறங்கியது. துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரும் நோயும்தான் அதிகம் பேரைப் படுக்க வைத்தன.

அந்த அரை மணி நேரம்

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். இடம் பிரான்ஸின் போமோன்-ஹமல் கிராமத்தின் அருகே. நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் பிரிட்டனின் 29-ஆவது டிவிஷனில், 88-ஆவது பிரிகேடில் இருந்தது. முதல் அலையில் போக வேண்டியவை மற்ற இரண்டு பிரிகேடுகள். அவை எதிரியின் முன்வரிசையைப் பிடித்த பிறகு இவர்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்பது திட்டம்.

திட்டம் தொடக்கத்திலேயே சிதைந்தது. ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் புதைத்திருந்த பெரிய கண்ணிவெடியை, தாக்குதல் தொடங்கும் 7:30-க்குப் பத்து நிமிடம் முன்பே, 7:20-க்கு வெடித்தார்கள். பத்து நிமிடம் என்பது ஜெர்மானியர்கள் ஆழமான பதுங்கறைகளிலிருந்து ஏறி இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தப் போதுமான நேரம். அவர்களுடைய முள்வேலியும் பெரும்பாலும் அறுபடாமல் இருந்தது. முதல் அலை அப்படியே விழுந்தது. அப்போது ஒரு வெள்ளை ஒளிக்குண்டு வானில் தெரிந்தது. தன் படை முன்னேறிவிட்டது என்பதற்கான அடையாளம் அது என்று டிவிஷன் தளபதி டி லிஸ்ல் எடுத்துக்கொண்டார். உண்மையில் அது ஜெர்மானியர்கள் தங்கள் பீரங்கிப்படைக்குக் கொடுத்த சைகை. அந்தத் தவறான வாசிப்பின் மேல்தான் 8:45-க்கு ஆணை வந்தது: நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்டும் எசெக்ஸ் ரெஜிமென்ட்டும் உடனே முன்னேற வேண்டும்.

முன்வரிசைக்குப் போகும் இணைப்புக் குழிகள் பிணங்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைபட்டிருந்தன. எசெக்ஸ் ஆட்கள் அந்தக் குழிகள் வழியாகவே போக முயன்று தாமதமானார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களோ, பின்வரிசைக் குழியிலிருந்தே நேராகத் திறந்த வெளியில் ஏறினார்கள். நேரம் 9:15. அந்த நிமிடத்தில் அந்தச் சரிவில் அசைந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். எதிரியின் எல்லாத் துப்பாக்கிகளும் அவர்கள் பக்கம் திரும்பின. தங்கள் சொந்த முன்வரிசையைத் தாண்டும் முன்பே பலர் விழுந்தார்கள். தங்கள் பக்கத்து முள்வேலியில் வெட்டி வைத்திருந்த இடைவெளிகளில் இன்னும் பலர் குவிந்து விழுந்தார்கள். முதுகுப் பைகளில் அடையாளத்துக்காகத் தைத்திருந்த தகர முக்கோணங்கள் வெயிலில் மின்னின. பனிப்புயலை எதிர்த்து நடப்பவர்கள் போல, மோவாயை மார்பில் அழுத்திக்கொண்டு அவர்கள் நடந்து போனதைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய நடை அது. சரிவின் நடுவில் நின்ற ஒரு பட்டமரத்தைத் தாண்டியவர்கள் மிகச் சிலர்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சுமார் 800 பேர் போனார்கள். இறந்தவர்கள், காயமுற்றவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து 700-க்கும் மேல். முன்னேறிய அதிகாரிகளில் காயமில்லாமல் ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுநாள் காலை பெயர் அழைத்தபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். செயின்ட் ஜான்ஸின் ஏயர் வணிகக் குடும்பத்தில் மட்டும் நான்கு பேர் அன்று ஒரே நாளில் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் வேறொரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டில் இருந்தவர்.

பட்டியல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஜூலை மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்திகள் வந்தன. 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் உள்ள இடத்தில் 700 பெயர்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் அதில் தெரிந்த முகம் ஒன்று இருந்திருக்கும்.

இறந்தவர்களால் அதற்கு மேல் முன்னேற முடியாது என்பதால்தான் அந்தத் தாக்குதல் வெற்றிபெறவில்லை என்று டி லிஸ்ல் எழுதினார். அந்த வாக்கியம் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. படிக்கும்போது நெஞ்சை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்கு அதில் ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. ஆணை கொடுத்தவரே எழுதிய வாக்கியம் அது. வீரத்தைப் புகழ்ந்த அந்த ஒரு வரி, ஏன் அனுப்பினீர்கள் என்ற கேள்வியை நீண்ட காலத்துக்கு மூடி வைத்தது. துக்கத்தில் இருந்த தாய்மார்களுக்கு அந்தப் புகழ்ச்சி தேவைப்பட்டது என்பதும் உண்மைதான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பெருமையும் பிளவும்

ரெஜிமென்ட்டை மறுபடி கட்டினார்கள். 1916 அக்டோபரில் கெட்கூரில் வென்றார்கள். 1917 ஏப்ரலில் மோன்ஷியில், படை அழிந்த நிலையில் தளபதியும் ஒன்பது பேரும் கிராமத்தின் ஓரத்தில் நின்று ஜெர்மன் முன்னேற்றத்தைத் தடுத்தார்கள். 1917-இல் மன்னர் 'ராயல்' பட்டம் கொடுத்தார். அந்தப் போர் நடக்கும்போதே வேறு எந்த ரெஜிமென்ட்டுக்கும் அது கிடைக்கவில்லை. 1918 அக்டோபரில் பெல்ஜியத்தில் தாமஸ் ரிக்கெட்ஸ் என்ற 17 வயதுப் பையன் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றான். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவன் அவன். ஊர் திரும்பிப் படித்து, செயின்ட் ஜான்ஸில் மருந்துக்கடை நடத்தி, புகழை ஒதுக்கியே வாழ்ந்தார்.

இதே காலத்தில் ஊருக்குள் வேறொரு கதை நடந்தது. சாவுகளுக்கு ஈடுகொடுக்கத் தன்னார்வ ஆட்கள் போதவில்லை. வணிகர்கள் போரில் கொள்ளை லாபம் அடிக்கிறார்கள் என்ற கோபம் மீனவர்களிடம் பரவியிருந்தது. 1918 மே மாதம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அதுவரை மீனவர்களின் குரலாக இருந்த கோக்கர், கூட்டணி அரசில் இருந்துகொண்டு அதை ஆதரித்தார். அவருடைய சங்கத்துக்கு உயிராக இருந்த வடகடற்கரை அதை மன்னிக்கவில்லை. ஒரு மகன் போய்விட்டால் அந்தப் படகே கரையில் கிடக்கும் என்பது நகரத்துக்குப் புரியாத கணக்கு. கட்டாயத்தில் எடுக்கப்பட்டவர்கள் போர்முனையை அடையும் முன்பே போர் முடிந்தது. பிளவு மட்டும் மிச்சமிருந்தது.

பிரதமர் எட்வர்ட் மோரிஸ் அதற்கு முன்பே, 1917 கடைசியில், லண்டனில் இருந்துகொண்டே பதவி விலகி, பிரபுப் பட்டம் பெற்று அங்கேயே தங்கிவிட்டார். இது ஒரு தனிமனிதரின் முடிவுதான். ஆனால் அன்றைய தலைவர்களுக்கு வீடு எங்கே இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை தங்கள் பெயரில் கையெழுத்திட்டன. இந்தியாவும் இட்டது. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தனி இடம் இல்லை. சர்வதேச சங்கத்திலும் தனி உறுப்பினராக இல்லை. கனடா விமியின் பெயரைச் சொல்லி உலக மேசையில் நாற்காலி வாங்கியது. அதன் பின்னால் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும், தொழிற்சாலைகளும், கோதுமையும் இருந்தன. போர்க்களத் தியாகம் தானாக இறையாண்மையாக மாறிவிடுவதில்லை. அதை மாற்றித் தரும் பொருளாதாரமும் வேண்டும். இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான புரிதல் இதுதான்.

நாட்டுக்குள் நினைவு கட்டும் வேலை மட்டும் மிக அழகாக நடந்தது. 1917-லிருந்தே ஜூலை 1-ஐ ஒட்டி நினைவு நாள் அனுசரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ரெஜிமென்ட்டின் கத்தோலிக்கப் பாதிரியார் தாமஸ் நாங்கிள் அந்தப் போர்க்களத்தையே விலைக்கு வாங்கினார். பிரெஞ்சு விவசாயிகள் பலரிடம் துண்டு துண்டாகப் பேசி, 1921-க்குள் ஏறக்குறைய 30 ஹெக்டேர் நிலம் சேர்ந்தது. ரெஜிமென்ட்டின் சின்னமான காரிபூ மான், பாறைக்குன்றின் மேல் வெண்கலத்தில் எதிரியின் திசையைப் பார்த்து நிற்கிறது. சுற்றிலும் தீவின் மரஞ்செடிகளை நட்டார்கள். அதே மான் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் ஐந்து இடங்களில் நிற்கிறது. ஊரில் 1924 ஜூலை 1-இல் தேசிய போர் நினைவுச்சின்னம் திறந்தார்கள். திறந்து வைத்தவர் சோம் போரின் தலைமைத் தளபதி ஹேக். 1925-இல் இறந்தவர்கள் நினைவாக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். இன்று அது மெமோரியல் பல்கலைக்கழகம். காலுறை பின்னியும் பணம் திரட்டியும் போர்க்காலத்தைத் தாங்கிய பெண்கள் அதே ஆண்டில் வாக்குரிமை பெற்றார்கள்.

பெயர்களைப் பாருங்கள்: 'தேசிய' நினைவுச்சின்னம். அந்தச் சொல்லை மக்கள் மனமார நம்பினார்கள். திறந்து வைக்க ஹேக்கை அழைத்ததிலும் அவர்களுக்கு உறுத்தல் இல்லை.

கடன்

படையைத் திரட்டி, உடுத்தி, ஊதியம் கொடுத்த செலவை நியூஃபவுண்ட்லாந்து தன் கணக்கிலேயே ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் கேட்காமலே, பெருமைக்காகச் செய்தது அது. ரெஜிமென்ட்டில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பணியாற்றியிருந்தார்கள். சுமார் 1,300 பேர் இறந்துபோனார்கள். விதவைகள், கைகால் இழந்தவர்கள், நுரையீரல் கெட்டவர்கள் என்று ஓய்வூதியம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. இதற்கு மேல் ரயில்பாதைக்காக வாங்கிய பழைய கடன், அதற்கும் மேல் 1920-களில் வாங்கிய புதுக்கடன்கள். 1933 வாக்கில் மொத்தக் கடன் 10 கோடி டாலரை நெருங்கியது. உலக மந்தத்தில் கருவாட்டு விலை சரிய, அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது.

போர்தான் நாட்டைக் கவிழ்த்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஊழலும், ரயில்பாதையும், ஒற்றைப் பொருளை நம்பிய ஏற்றுமதியும் பெரிய காரணங்கள். ஆனால் போர்க்கடன் இல்லாமல் இருந்திருந்தால் மந்தத்தைத் தாக்குப்பிடிக்கக் கொஞ்சமாவது மூச்சு இருந்திருக்கும்.

1932 ஏப்ரல் 5-இல் ஆயிரக்கணக்கானோர் செயின்ட் ஜான்ஸில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கினார்கள். பிரதமர் ஸ்குவையர்ஸ் உயிர் பிழைத்து ஓட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நிதியமைச்சர் பதவியைத் துறந்து, பிரதமரின் ஊழலை அம்பலப்படுத்தியவர் பீட்டர் காஷின், முதல் உலகப்போரில் பணியாற்றிய மேஜர். அடுத்து வந்த பிரதமர் ஆல்டர்டைஸ், வட்டியை ஓரளவாவது நிறுத்திவைக்க அனுமதி கேட்டார். லண்டன் மறுத்தது, பேரரசுக்குள் ஒரு டொமினியன், அதாவது தன்னாட்சி பெற்ற நாடு, கடனை மறுத்தால் மற்றவற்றின் பெயரும் கெடும் என்றது. அதே பிரிட்டன் 1933-இல் அமெரிக்காவுக்குத் தர வேண்டிய போர்க்கடனில் பெயருக்கு ஒரு தொகை மட்டும் கட்டியது, 1934-இல் அதையும் நிறுத்தியது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பெரியவனுக்கு ஒரு நியாயம், தனக்காக உயிர் கொடுத்த சின்னவனுக்கு வேறு நியாயம்.

ஆம்லரி பிரபு தலைமையிலான ஆணையம் ஆராய்ந்து, தேர்தல் அரசியலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னது. 1934 பிப்ரவரி 16-இல் செயின்ட் ஜான்ஸ் ஹோட்டல் ஒன்றின் கூடத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தன் அதிகாரத்தைத் துறந்து கையெழுத்திட்டது. லண்டன் நியமித்த ஆளுநரும் ஆறு ஆணையர்களும் ஆளத் தொடங்கினார்கள். அந்த ஆறு பேரில் மூவர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். டொமினியன்களுக்குச் சம உரிமை தந்த 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் நியூஃபவுண்ட்லாந்தின் பெயர் இருந்தது. அதன் முக்கியப் பிரிவுகளை ஏற்கும் முன்பே நாடாளுமன்றம் இல்லாமல் போனது. 1941 ஆகஸ்டில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் எல்லா மக்களும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பற்றி அட்லாண்டிக் சாசனத்தில் பேசியது இந்தத் தீவின் பிளசென்ஷியா விரிகுடாவில். கரையில் இருந்தவர்களுக்கு அப்போது வாக்குச்சீட்டே கிடையாது.

அமெரிக்கத் தளங்கள் வந்ததால் பணப் புழக்கமும் வந்தது. 1948-இல் இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. ஜூன் 3-இல் மீண்டும் பொறுப்பாட்சி, அதாவது 1934-க்கு முன்பு இருந்தது போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட தனி அரசு, வேண்டும் என்பதற்கு 44.6 சதவீதம், கனடாவோடு இணைப்புக்கு 41.1 சதவீதம், ஆணைய ஆட்சியே தொடரட்டும் என்பதற்கு மீதி. ஜூலை 22-இல் முதல் இரண்டுக்கு மட்டும் போட்டி, இணைப்பு 52.3 சதவீதத்தில் வென்றது. சுதந்திரத்துக்காக உரக்கப் பேசியவர் அதே மேஜர் காஷின். எதிர்ப்பக்கத்தில் ஜோ ஸ்மால்வுட், குழந்தைகளுக்கான கனடிய உதவித்தொகையை எடுத்துச் சொல்லித் தொலைதூர மீனவக் குடியிருப்புகளை வென்றார். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வணிகரின் கடன் புத்தகத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்கு, முதல் முறையாகக் கையில் காசாகக் கிடைக்கப்போகும் பணம் அது. 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் நியூஃபவுண்ட்லாந்து கனடாவில் சேர்ந்தது.

கனடா நாளும் ஜூலை 1-ஆம் தேதிதான். நாடு முழுக்கக் கொண்டாட்டம் தொடங்கும் காலையில் இந்த மாகாணத்தில் மட்டும் நினைவுச்சின்னத்தின் முன் கூடுவார்கள். சட்டையில் சிவப்புப் பாப்பி மலருக்குப் பதிலாக, நியூஃபவுண்ட்லாந்து தனக்கென்று வைத்துக்கொண்ட நீல நிற 'மறவாதே என்னை' மலர். மதியத்துக்குப் பிறகுதான் கனடா நாள்.

2024 மே மாதம், பிரான்ஸில் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டிருந்த நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் வீரர் ஒருவரின் எச்சங்களை எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 1-இல், தேசிய போர் நினைவுச்சின்னம் திறந்து சரியாக நூறு ஆண்டு ஆன அன்று, அதன் அடியில் கட்டிய கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். மாகாணத் தலைநகரில் நின்றாலும் அந்தச் சின்னத்தின் பெயரில் 'தேசிய' என்ற சொல் அப்படியேதான் இருக்கிறது.